ஜீப்பு என்ன சொல்லுது?

நாகரசம்பட்டியில் பொலேரோவை யாரும் பொலேரோ என்று சொல்வதில்லை. ஜீப்புதான். 2000-ஆம் ஆண்டு மஹிந்திரா நிறுவனம் கொண்டுவந்த இந்த வண்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மண் பாதைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். இரும்புச் சட்டத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் பாடி, பின்பக்கம் மாட்டு வண்டியை நினைவுபடுத்தும் பட்டை ஸ்பிரிங், கடகடவென்று ஓடும் டீசல் எஞ்சின். மாங்காய்க் கூடை, உர மூட்டை, கல்யாணக் கூட்டம், பள்ளிக்கூடப் பசங்கள்... எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த முனகல்தான் இங்கே விஷயம்.

மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அப்பாவும், ஓசூர் பக்கம் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கும் அவருடைய மகனும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். வண்டி 2009 மாடல், 2523 சிசி எஞ்சின். 2024-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. தனியார் காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் வரை வெறும் 600 ரூபாய், அதற்குப் பிறகு 5,000. அப்பா வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே கட்டினார். "டீசல் வண்டி பத்து வருஷத்துக்கு மேல ஓடக்கூடாதாமே?" என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கும் பதில் சொல்லி ஓய்ந்தார். (அந்த உத்தரவு டெல்லித் தலைநகரப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு இல்லை.)

மகனுக்கு வண்டியை விற்றுவிட வேண்டும் என்று ஆசை. ஒரு தரகரும் வந்து ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சத்தம் ரொம்ப இருக்குதே!" உடனே விலையில் ஒரு பெரிய துண்டை வெட்டினார். என்ன சத்தம், எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. காரணம் தெரியாத சத்தம் என்பது வாங்குகிறவனுக்குத் தள்ளுபடி!

அப்பா விற்கவில்லை. "பழைய வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தமே வேணாம்னா சைக்கிள் வாங்கு" என்று சொல்லிவிட்டார்.

எல்லா சத்தமும் ஒரே சத்தம் இல்லை

ஒரு சனிக்கிழமை மகன் வண்டியை காவேரிப்பட்டணத்தில் உள்ள ஒரு பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனான். வழியிலேயே செல்போனில் எல்லா சத்தத்தையும் பதிவு செய்துவிட்டான். மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுல கீச்சு சத்தம் மட்டும்தான் கேக்குது தம்பி. மத்தது எங்க?"

"இருக்குதுண்ணா, வண்டியில நல்லா கேக்கும்."

"அதான். போன்ல அடிச்சத்தம் புடிக்காது. போன் கொண்டு வராத. எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு எழுதிக்கிட்டு வா."

செல்போனின் சின்ன ஸ்பீக்கர் மெல்லிய கீச்சொலியை நன்றாகக் காட்டும், கனத்த உறுமலை அநேகமாக விழுங்கிவிடும். ஆனால் மேஸ்திரி சொன்னதில் அதைவிட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் துப்பு. 'டக்டக்', 'லொடலொட', 'கிர்ர்' என்று ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். நேரமும் சந்தர்ப்பமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மகன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நான்கு கேள்விகளை எழுதினான்.

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபின் வருகிறதா?
2. வண்டி நிற்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா?
3. எஞ்சின் வேகத்தோடு கூடுகிறதா, சக்கர வேகத்தோடு கூடுகிறதா? (ஓடும்போது கிளட்சை மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது எஞ்சினுடையது இல்லை.)
4. பள்ளத்திலா, திருப்பத்திலா, பிரேக் பிடிக்கும்போதா?

டாக்டர்கள் கேட்பதும் இதே மாதிரிதான். எப்போது வலிக்கிறது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? பாரிஸில் 1816-இல் லேனெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து வந்ததுதான் ஸ்டெதாஸ்கோப். நம் மேஸ்திரிகள் நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். வித்தை ஒன்றுதான்! (செய்து பார்ப்பவர்கள் ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.)

பட்டியல் போட்டுப் பார்த்தால்...

முதலில் அந்தக் கீச்சொலி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் கத்தும், பிறகு அடங்கும். மழை பெய்த மறுநாள் அதிகம். மேஸ்திரி பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் சட்டென்று மாறியது. அப்படி மாறினால் குற்றவாளி பெல்ட்தான், பேரிங் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தார், தொளதொளவென்று இருந்தது. பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தன. பளபளத்தால் புதுசு என்று நினைக்கக் கூடாது, தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். அந்த பெல்ட்தான் டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, எஞ்சினும் கொதிக்கும். புது பெல்ட் போட்டதும் கீச்சு போய்விட்டது.

அடுத்தது பின்பக்கத்து லொடலொட. பள்ளத்தில் மட்டும் வரும். பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ் போயிருக்கும், ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று மகன் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தான். மேஸ்திரி முதலில் பின் சீட்டுக்கடியில் கையை விட்டார். ஒரு வீல் ஸ்பேனர், ஒரு ஜாக்கிக் கம்பி, இரண்டு காலி பூச்சிமருந்து டப்பா, போன வருடத்து மாங்கொட்டை ஒன்று வெளியே வந்தன. பாதி லொடலொட அத்தோடு சரி! மீதிப் பாதிக்கு சைலன்சரைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. ஷாக்கிள் புஷ்ஷும் ஓரளவு தேய்ந்துதான் இருந்தது, ஆனால் அது அடுத்த மாதம் வரை தாங்கும் என்றார். வண்டியில் சத்தம் தேடுகிறவர்கள் முதலில் வண்டியைக் காலி செய்ய வேண்டும் என்பது அன்றைய இரண்டாவது பாடம்.

மூன்றாவது, முதல் கியரில் கிளம்பும்போது அடியில் ஒரு 'டங்'. ரிவர்ஸ் போட்டாலும் அதே. பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஜாயிண்டின் இரு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் ஆட்டம் தெரியும். கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் செத்துவிட்டது. ஒன்றில் கிரீஸ் அடித்தார், இன்னொன்றை மாற்றினார்.

சத்தமே போடாத ஒரு கோளாறையும் அவர் கண்டுபிடித்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்பா போர் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இந்தத் தண்ணியில சோறு ஆக்கினா பாத்திரம் வெள்ளையா ஆவுதில்ல? ரேடியேட்டரும் பாத்திரந்தான தம்பி" என்றார் மேஸ்திரி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. மனிதர்கள் காவிரித் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள், ஜீப்புக்கு மட்டும் இன்னும் போர் தண்ணீர்! கடுந்தண்ணீர் கொதிக்கக் கொதிக்க உப்பு படிந்து குழாய் அடைக்கும். கூலண்ட் என்பது வெறும் பச்சைச் சாயம் இல்லை. கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். அன்று ரேடியேட்டரைக் கழுவி, சுத்தமான தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றினார்கள். (சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்துவிடும்.)

அம்மா சொன்னது

அன்று இரவு மகன் அப்பாவிடம் சண்டை போட்டான். "எத்தன மாசமா அந்த பெல்ட் கத்திக்கிட்டு இருந்துது! ஒரு தடவ கூட பாக்கலியாப்பா? அறுந்து நடுரோட்டுல நின்னிருந்தா?"

அப்பா ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். அம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

"அவருக்கு அந்த மாதிரி மெல்லிசு சத்தம் கேக்கறதில்லடா. ஆயாவுக்கு தெர்மாமீட்டர் வெச்சா கூட, அது 'பீப்'புன்னு அடிச்சப்புறமும் புடிச்சுக்கிட்டே இருப்பாரு. நான்தான் எடுக்கச் சொல்லணும்."

அப்பாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. முப்பது வருடம் டிராக்டர் மேலும் பம்ப்செட் பக்கத்திலும் கழித்தவர். வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான். இரைச்சலிலேயே வேலை செய்தவர்களுக்கு இது சீக்கிரமே வந்துவிடும். பேசினால் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். பெல்ட்டின் கீச்சும் தெர்மாமீட்டரின் பீப்பும் மட்டும் அவர்கள் உலகத்தில் இருக்காது. இல்லாத ஒன்றை அவர்கள் எப்படிக் கவனிப்பார்கள்?

அலட்சியம் என்று நினைத்தது அலட்சியம் இல்லை. மகனுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அப்பா சொன்னது

அடுத்த வியாழக்கிழமை பாட்டிக்கு சேலத்தில் கண் ஆபரேஷன். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். காவேரிப்பட்டணத்தில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறி, தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். தொப்பூர் இறக்கம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைந்து வளைந்து இறங்கும் சாலை, முன்னால் லாரி, பின்னால் லாரி. அடிக்கடி விபத்து நடக்கிற இடம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகன் லீவு போட்டுவிட்டு வந்தான். அப்பாவும் அவனும் போச்சம்பள்ளி ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார்கள். வண்டி அமைதியாக ஓடியது. மகனுக்குப் பெருமை.

"இப்ப ஒரு சத்தமும் இல்ல பாத்தீங்களாப்பா?"

அப்பா சற்று நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "ஸ்டீயரிங்குல ஒரு அதிர்வு இருக்குதுடா. கால்லயும் தெரியுது. அறுபதுக்கு மேல போனா 'ம்ம்ம்'னு உள்ளுக்குள்ள ஒண்ணு. ரெண்டு மாசமா இருக்குது. முன்ன லேசா இருந்துது" என்றார்.

மகனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றி, எஃப்.எம்.மை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தான். டயர் சத்தம் மாதிரி ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

இந்த உறுமலில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுவார்கள். டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்தாலும் இப்படி வரும், சக்கர பேரிங் போனாலும் இப்படி வரும். இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. டயர் சத்தம் சாலைக்கு ஏற்ப மாறும். புதுத் தாரில் ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டில் ஒரு மாதிரி. பேரிங் சத்தம் சாலையைப் பார்க்காது, வேகத்தைத்தான் பார்க்கும். இன்னொன்று, வண்டி இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பக்க பேரிங் மேல் சந்தேகம். வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது.

காலி ரோட்டில் அப்பா மெதுவாக இடமும் வலமும் வளைத்தார். "லெஃப்ட்டுல ஒடிச்சா அதிகமாவுதுடா" என்றார். இந்த முறை மகனும் தரையில் கையை வைத்துப் பார்த்தான். ஆமாம். காதுக்கு வராதது கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வலது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடக் கூடாது, அவர்கள் விடவுமில்லை. மகன் சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினான். 'டொக்'. அப்பாவை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினான். ஆட்டம் காணாமல் போனது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனை. காலேஜ் லேபில் படித்ததைவிட இது நன்றாகப் பதிந்தது.

புதன்கிழமை காலை பட்டறை திறக்கும் முன்பே அங்கே நின்றார்கள். மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைப் பிரித்தார். பழுப்பாக இருக்க வேண்டிய கிரீஸ் கறுத்துக் கருகியிருந்தது. பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. வெளிச் சீல் கிழிந்து உள்ளே தண்ணீரும் மண்ணும் போயிருந்தன. மழைக்காலத்தில் தோப்பு ஓடையில் இறங்கி ஏறும் வண்டிக்கு இது நடக்கும்.

"எங்க போறதா இருந்தீங்க?"

"சேலம். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்" என்றார் அப்பா.

மேஸ்திரி பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். கரகரவென்று நின்று நின்று சுற்றியது. "இது இன்னும் ஐநூறு கிலோமீட்டரும் போயிருக்கும்ணா. அஞ்சு கிலோமீட்டர்ல புடிச்சிருந்தாலும் புடிச்சிருக்கும். யாரு கண்டுபுடிச்சது?"

மகன் அப்பாவைக் கை காட்டினான். அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். "எனக்குக் காது சரியில்லப்பா. கையிலதான் தெரிஞ்சுது" என்றார். அவர் அதை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

புது பேரிங், புது சீல், புது கிரீஸ். போகிற வழிதானே என்று இடது பக்கத்தையும் பிரித்துப் பார்த்துக் கிரீஸ் மாற்றினார்கள். பிரேக் எண்ணெயும் மாற்றினார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஈரம் சேர்ந்தால் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் நல்லது. எல்லாம் சேர்த்து ஆன செலவு, தரகர் அன்று குறைத்த தொகையில் கால்வாசி கூட இல்லை!

தொப்பூர்

வியாழக்கிழமை விடியற்காலை பாட்டி பின் சீட்டில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டு வந்தார். தொப்பூர் இறக்கம் ஆரம்பித்ததும் அப்பா மூன்றாம் கியருக்கு மாற்றினார். நியூட்ரலில் போட்டு உருட்டுவது அவர் பழக்கம் இல்லை, எஞ்சினே பாதி பிரேக் என்பார். முன்னால் ஒரு கிரானைட் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே பொறுமையாக இறங்கினார்கள்.

மகன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் பேசவில்லை.

எதுவும் நடக்கவில்லை.

வண்டியைப் பராமரிப்பதில் கிடைக்கிற கூலி இவ்வளவுதான். எதுவும் நடக்காது, அதனால் யாரும் பாராட்டவும் மாட்டார்கள். பாட்டிக்குத் தொப்பூர் தாண்டியதே தெரியாது. சேலம் வந்ததும் எழுந்து, "வந்தாச்சா? ஜீப்பு இன்னிக்கு சத்தமே போடலியே" என்றார்.

வீட்டில் ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது. கேட்காதவருக்கு வேறொன்று கையில் தெரியும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு, கூட இருப்பவரிடம் "உனக்கு என்ன கேக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சர்வீஸ் அது.

அந்த நாற்பது பக்க நோட்டு இப்போது ஜீப்பின் டேஷ்போர்டில்தான் இருக்கிறது. மகன் கையெழுத்தில் பாதி, அப்பா கையெழுத்தில் பாதி. கடைசி வரி அப்பா எழுதியது:

"பின் கதவு. திறக்கும்போது கிர்ர் என்கிறதாம் (பையன் சொன்னான்). எண்ணெய் விடணும்."